57 பேர் பேரவையில் 10 இடம்: கோஸ்ட்டா ரிக்காவில் அதிபர் எப்படி ஆட்சி நடத்தினார்?

நாணல்:

கோஸ்ட்டா ரிக்காவின் 2022 தேர்தல் முடிவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரியில் முதல் சுற்றில் ஹோசே மரியா ஃபிகேரெஸ் 27 சதவீதத்தோடு முதலிடம். ரொட்ரிகோ சாவேஸ் 17 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஏப்ரல் மாத இரண்டாம் சுற்றில் அதே சாவேஸ் 52.8 சதவீதம் வாங்கி அதிபராகிவிட்டார். ஆனால் சட்டப்பேரவையில் அவர் கட்சிக்கு 57 இடங்களில் 10 மட்டுமே. ஃபிகேரெஸின் தேசிய விடுதலைக் கட்சிக்கு 19.

இப்படி ஓர் அரசு கவிழாமல் எப்படி நின்றது? நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாதா? எதைப் படித்தாலும் 38 என்ற எண்ணே வந்து நிற்கிறதே, அதில் என்ன இருக்கிறது? இடப் பங்கீட்டில் 'துணை ஈவு' என்று ஒன்று சொல்கிறார்கள், அந்தக் கணக்கையும் யாராவது போட்டுக் காட்டுங்கள்.

தராசு:

கவிழ்க்க வழி இல்லை, அதனால் கவிழவில்லை. பிரதமர் ஆட்சி முறைக்குப் பழகிய கண்ணுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே அதிபரை மக்கள் நேரடியாக நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரவையையும் அதே நாளில், தனி வாக்குச்சீட்டில். அதிபர் பேரவையைக் கலைக்க முடியாது. பேரவையும் வாக்கெடுப்பு நடத்தி அதிபரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அமைச்சர் மீது கண்டனத் தீர்மானம் உண்டு, அன்று அவையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அது நிறைவேறினாலும் அமைச்சர் பதவி விலகியே தீர வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை. அமைச்சரை வைப்பதும் எடுப்பதும் அதிபர் ஒருவர் கையில்.

அதிபர் மீது குற்றவியல் வழக்கு வந்தால் அவருடைய சட்டப் பாதுகாப்பை நீக்கப் பேரவை ஓட்டுப் போடலாம். அதற்கும் 38 வேண்டும். 2025 செப்டம்பரில் சாவேஸ் விஷயத்தில் இது நடந்தது. நீக்கச் சொல்லி 34 ஓட்டு விழுந்தது. தெளிவான பெரும்பான்மைதான், ஆனால் 38 இல்லை. பாதுகாப்பு அப்படியே நின்றது.

இப்போது அந்த 38. 57இல் மூன்றில் இரண்டு பங்கு சரியாக 38. வெளிநாட்டுக் கடனுக்கு ஒப்புதல், உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனம், தனி உரிமைகளை நெருக்கடிக் காலத்தில் அதிகபட்சம் 30 நாள் நிறுத்தி வைப்பது, புதிதாகத் தன்னாட்சி நிறுவனம் தொடங்குவது, அதிபர் மசோதாவை மறுத்துத் திருப்பி அனுப்பும் வீட்டோவை மீறுவது, சாசனத் திருத்தம் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான்.

பலரும் கவனிக்காதது சாசனத்தின் 117ஆம் பிரிவு. அவை கூடக் குறைந்தபட்சம் இருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை, அதாவது கோரமே 38. ஒருவர் குறைந்து 37 ஆனாலும் கூட்டம் நடக்காது. அப்படியானால் 20 பேர் எழுந்து வெளியே போனால் அன்றைக்குப் பேரவை மூடியாயிற்று. சாதாரண மசோதாவுக்கு அவையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் போதும் என்பதால், சரியாக 38 பேர் உட்கார்ந்திருக்கும் நாளில் 20 ஓட்டில் சட்டம் நிறைவேறும். அதே 20 பேர் வெளியே நின்றால் எதுவுமே நடக்காது. 19 இடம் வைத்திருந்த கட்சி ஏன் அவ்வளவு பலமானது என்று இதிலிருந்து புரியும். பக்கத்து இருக்கையில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் அவையின் சாவி அதன் கையில்.

பழைய உதாரணம் ஒன்று. அமெரிக்காவுடனான சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2007 அக்டோபர் 7 அன்று பொது வாக்கெடுப்பில் 51.6 சதவீதத்தோடு தேறியது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தத் துணைச் சட்டங்கள் வேண்டும். அப்போதைய அதிபர் ஒஸ்கார் அரியாஸின் அரசுக்குத் தோள் கொடுத்த உறுப்பினர்களைப் பத்திரிகைகள் '38 பேர் குழு' என்றே எழுதின. அதில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கோரம் போச்சு. ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 2009 ஜனவரி 1 அன்று.

கணக்குப்பிள்ளை:

துணை ஈவுக் கணக்கை நான் போடுகிறேன்.

முதலில் அடிப்படை. நாடு ஏழு மாகாணங்கள். மாகாணம்தான் தொகுதி. மக்கள்தொகைப்படி இடங்கள் பிரியும், கணக்கெடுப்பு மாறும்போது இதுவும் மாறும். 2022 தேர்தலில் சான் ஹோசேக்கு 19, குவானகாஸ்தேக்கு 4. வாக்காளர் ஆளுக்கு ஓட்டுப் போடுவதில்லை, கட்சிப் பட்டியலுக்குப் போடுகிறார். பட்டியல் மூடியது, கட்சி வைத்த வரிசைதான் வரிசை. அந்த வரிசையில் பெண், ஆண், பெண், ஆண் என்று மாறி மாறி வர வேண்டும் என்பது 2009 தேர்தல் சட்டம். 2018 முதல் ஏழு மாகாணப் பட்டியல்களின் தலைப்பெயர்களிலும் சமநிலை கேட்கிறார்கள். அதனால்தான் 2022இல் 57 பேரில் 27 பெண்கள்.

இப்போது 4 இடமுள்ள ஒரு மாகாணம் என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, உண்மைத் தேர்தலின் எண்கள் அல்ல.) செல்லுபடியான ஓட்டு 1,20,000. நான்கால் வகுத்தால் 30,000. இது ஈவு. அதில் பாதி 15,000. இது துணை ஈவு.

'அ' கட்சி 58,000. 'ஆ' கட்சி 33,000. 'இ' கட்சி 14,800. 'ஈ' கட்சி 14,200.

முதல் கட்டத்தில் முழு ஈவு எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். 'அ'வில் ஒரு தடவை, மிச்சம் 28,000. 'ஆ'விலும் ஒரு தடவை, மிச்சம் 3,000. இரண்டு இடம் போயிற்று, இரண்டு பாக்கி.

பாக்கி இடங்கள் மிச்ச ஓட்டின் இறங்கு வரிசையில் போகும். ஆனால் இந்த வரிசையில் நிற்க, கட்சி குறைந்தது துணை ஈவையாவது எட்டியிருக்க வேண்டும். 'இ'யும் 'ஈ'யும் 15,000ஐத் தொடவில்லை, எனவே வரிசையிலேயே இல்லை. மூன்றாம் இடம் 28,000 மிச்சம் வைத்திருக்கும் 'அ'வுக்கு. நான்காம் இடம், வெறும் 3,000 மிச்சம் வைத்திருக்கும் 'ஆ'வுக்கு.

நன்றாகக் கவனியுங்கள். 14,800 ஓட்டு வாங்கியவருக்கு ஒன்றுமில்லை, 3,000 மிச்சத்துக்கு ஓர் இடம். 'ஈ'க்குப் போன 200 ஓட்டு 'இ'க்கு வந்து அது 15,000ஐ எட்டியிருந்தால், அந்த முழு 15,000மும் மிச்சமாகக் கணக்கில் ஏறி, நான்காம் இடம் அதற்குப் போயிருக்கும்.

சின்ன மாகாணங்களில் சிறிய கட்சிகள் அடிபடுவது இதனால்தான். நான்கு இடத் தொகுதியில் வரிசையில் நிற்கவே 12.5 சதவீத ஓட்டு வேண்டும். 2022இல் 19 இடமிருந்த சான் ஹோசேயில் அதே வாசல் சுமார் 2.6 சதவீதம்தான். ஆகவே சிறிய கட்சிகள் தலைநகரிலிருந்துதான் பேரவைக்குள் நுழைகின்றன. தேசிய அளவிலான சதவீதத்தை வைத்து இடங்களை ஊகிக்கப் போகிறவர்கள் எப்போதும் இங்கேதான் தவறுகிறார்கள். ஏழு மாகாணத்துக்கும் ஏழு தனிக் கணக்கு போட்டே தீர வேண்டும்.

2022இல் கிடைத்தது இது: 19, 10, 9, 7, 6, 6. ஆறு கட்சிகள். எந்த இரண்டு கட்சியைக் கூட்டினாலும் 38 வராது. முதல் இரண்டைக் கூட்டினால் 29, அதுவும் அதிபர் கட்சியும் முதன்மை எதிர்க்கட்சியும் கைகோத்தால்.

ஓலைச்சுவடி:

தராசு சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 'நிர்வாகம்' என்பது அதிபர் மட்டும் அல்ல. அமைச்சரை நியமிப்பது போன்ற சில விஷயங்கள் தவிர, அரசாணையில் அதிபரும் துறை அமைச்சரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒற்றைக் கையெழுத்து ஆணை செல்லாது.

பேரவையில் சிறுபான்மையாக இருந்தாலும் அதிபர் கையில் இரண்டு பிடி இருக்கிறது. ஒன்று, கூட்டத்தொடர். சாதாரணத் தொடர், சிறப்புத் தொடர் என்று ஆண்டு பிரிகிறது. சிறப்புத் தொடரில் அரசு அனுப்பும் மசோதாக்களை மட்டுமே எடுக்க முடியும். எதிர்க்கட்சிக்கு 47 இடம் இருந்தாலும் அந்த மாதங்களில் தங்களுக்குப் பிடித்த மசோதாவைத் தாங்களாக மேசையில் வைக்க முடியாது. இரண்டு, வீட்டோ. மசோதா கைக்கு வந்து 10 வேலை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். மீற 38 வேண்டும். ஆறு கட்சிப் பேரவையில் 38 சேர்ப்பது லேசான வேலை இல்லை. வரவுசெலவுத் திட்டத்துக்கு மட்டும் வீட்டோ கிடையாது. செப்டம்பர் 1க்குள் அரசு தாக்கல் செய்ய வேண்டும், பேரவை நவம்பர் 30க்குள் முடித்துவிட வேண்டும். உறுப்பினர்கள் ஒரு செலவைக் கூட்ட நினைத்தால் அதற்கான வருமானம் எங்கிருந்து வரும் என்றும் காட்ட வேண்டும்.

மசோதா போகும் பாதை: குழு, பிறகு முழு அவையில் முதல் விவாதம், பிறகு இரண்டாம் விவாதம். இரண்டும் அடுத்தடுத்த நாளில் வரக்கூடாது. இந்த இடைவெளியில்தான் முக்கியமான வேலை நடக்கும். 10 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் மசோதா உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுக்குப் போகும். மக்கள் வாயில் அது 'சாலா குவார்த்தா', நான்காம் அமர்வு. ஏழு நீதிபதிகள். ஒரு மாதத்துக்குள் கருத்துச் சொல்வார்கள். நடைமுறையில் குற்றம் என்றால் அது பேரவையைக் கட்டுப்படுத்தும், மசோதா திரும்பிப் போய் வழியைச் சரி செய்துகொள்ள வேண்டும். உள்ளடக்கத்தில் குற்றம் என்றால் அது கருத்து மட்டுமே, ஆனால் சட்டமான பிறகு அதே அமர்வு ரத்து செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். 10 இடம் வைத்திருக்கும் கட்சிக்கு இந்த ஆயுதம் சரியாகக் கைக்கு அடக்கம்.

சாலா குவார்த்தா 1989இல் வந்தது. என் பார்வையில் அந்த நாட்டு அரசியலை அதிகம் மாற்றியது அதுதான். காரணம், உள்ளே போவதற்கு வாசல்படியே இல்லை. அரசு அலுவலகமோ அரசு மருத்துவமனையோ உங்கள் அடிப்படை உரிமையைத் தடுத்தால், 'அம்பாரோ' மனு போடலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, கையால் எழுதிய ஒரு தாள் போதும், எந்த நேரத்திலும் கொடுக்கலாம். அறுவை சிகிச்சைக்கு வரிசையில் காத்துக் கிடப்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இதன் கோளாறும் இதிலேயே இருக்கிறது. மனுக்கள் மலையாகக் குவிகின்றன, தீர்ப்பு வாங்கியவர் வரிசையில் முன்னே போகும்போது வாங்கத் தெரியாதவர் பின்னே தள்ளப்படுகிறார்.

நீதிபதி நியமனத்தில் ஒரு நுட்பம் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் 22 பேர், பதவிக்காலம் 8 ஆண்டு. புதியவரைக் கொண்டுவர 38 ஓட்டு வேண்டும். ஆனால் இருப்பவர் தானாகவே மறுபடி தொடர்வார், அவரை நிறுத்தத்தான் 38 எதிர் ஓட்டு வேண்டும். 2012 நவம்பரில் பெர்னாண்டோ குரூஸ் என்ற நீதிபதிக்கு எதிராகச் சரியாக அந்த 38 ஓட்டு விழுந்தது. நீதிமன்ற ஊழியர்களும் மக்களும் தெருவுக்கு வந்தார்கள். ஓட்டெடுப்பு காலம் கடந்து நடந்தது என்று 2013இல் அது ரத்தானது, அவர் பதவியில் தொடர்ந்தார்.

நாணல்:

மிக்க நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா, அந்த 3,000 உதாரணத்தில்தான் விஷயம் விளங்கியது.

இன்னும் இரண்டு சந்தேகம். இரண்டாம் சுற்று எப்போது வரும், பாதிக்கு மேல் வாங்காவிட்டாலா? அதில் ஒருவர் விலகிக்கொண்டால் என்ன ஆகும்? அப்புறம், ராணுவமே இல்லாத நாட்டில் தேர்தல் நாளில் காவல் துறை யார் பேச்சைக் கேட்கும்? ஆளும் அதிபரின் பேச்சை என்றால் அது ஆபத்தாயிற்றே.

தராசு:

பாதி அல்ல, 40 சதவீதம். செல்லுபடியான ஓட்டில் 40ஐத் தாண்டி முதலிடம் பிடித்தால் அதிபர். வெற்றுச் சீட்டும் செல்லாத ஓட்டும் கணக்கில் வராது. 2006இல் அரியாஸ் 40.9, ஒத்தோன் சொலிஸ் 39.8. ஒரே சதவீத இடைவெளி, ஆனாலும் இரண்டாம் சுற்று வரவில்லை. யாரும் 40ஐத் தாண்டாவிட்டால் முதல் இருவர் ஏப்ரல் முதல் ஞாயிறன்று மோதுவார்கள். 2002, 2014, 2018, 2022இல் அப்படி நடந்தது.

விலகுவதற்கு 138ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. 2014இல் ஜானி அராயா இரண்டாம் சுற்றுக்குத் தேறியபின் பிரச்சாரத்தை நிறுத்திவிட்டார். பெயரை எடுக்க முடியாது, வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தது. லூயிஸ் கியெர்மோ சொலிஸ் 77 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார்.

வென்றவர் பதவியேற்பது மே 8. ஆனால் பேரவை மே 1 அன்றே கூடித் தன் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிடும். அந்தத் தேர்தல் ஒவ்வோர் ஆண்டும் மே 1 அன்று திரும்ப வரும். சாவேஸ் பதவியேற்கும் முன்பே தேசிய விடுதலைக் கட்சியின் ரொட்ரிகோ அரியாஸ் பேரவைத் தலைவராகிவிட்டார், நான்கு ஆண்டும் அவரே ஜெயித்தார். நிகழ்ச்சி நிரல் எதிர்க்கட்சிக்காரர் கையில் இருந்தது என்றால் அரசின் மசோதா என்ன வேகத்தில் நகரும் என்று யோசித்துப் பாருங்கள்.

உறுப்பினர்கள் அடுத்தடுத்த தடவை நிற்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை 57 பேரும் புது ஆட்கள், ஒரு தவணை விட்டுத் திரும்பி வருபவர்கள் சிலரைத் தவிர. அவை விதிகளைக் கற்றுக்கொள்ளவே முதல் ஆண்டு ஓடிவிடுகிறது. ஊழல் வேர் விடாது என்பது இதற்குச் சொல்லும் நியாயம். அனுபவமும் வேர் விடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஓலைச்சுவடி:

காவல் துறை கேள்விக்கு நான் சொல்கிறேன், மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

1948இல் நடந்த உள்நாட்டுப் போரே தேர்தலைப் பற்றியதுதான். ஒத்திலியோ உலாத்தே ஜெயித்த தேர்தலைப் பேரவை ரத்து செய்தது. ஹோசே ஃபிகேரெஸ் ஃபெரேர் ஆயுதம் எடுத்தார். 44 நாள் போர். ஜெயித்தவர் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று ராணுவத்தைக் கலைத்தார். 1949 சாசனத்தின் 12ஆம் பிரிவு அதை உறுதி செய்தது. பிறகு ஆட்சியை உலாத்தேயிடம் கொடுத்துவிட்டார். (2022இல் தோற்ற ஃபிகேரெஸ் இவருடைய மகன்.)

சாசனம் எழுதியவர்களுக்கு அந்த ரத்து மறக்கவில்லை. தேர்தல் முடிவைப் பேரவையின் கையிலிருந்து பிடுங்கி, உச்சத் தேர்தல் தீர்ப்பாயத்திடம் கொடுத்தார்கள். மூன்று நீதிபதிகள், பொதுத் தேர்தலுக்கு ஓராண்டு முன்பிருந்து ஆறு மாதம் பின்பு வரை ஐந்து பேர். இவர்களை நியமிப்பது அதிபரும் இல்லை, பேரவையும் இல்லை. உச்ச நீதிமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் நியமிக்கிறது, ஆறு ஆண்டுக்கு. பிறப்பு, இறப்புப் பதிவும் அடையாள அட்டையும் இவர்களிடமே இருப்பதால் வாக்காளர் பட்டியலுக்குத் தனியாகப் பெயர் கொடுக்கத் தேவையில்லை. 18 வயதில் அட்டை வாங்கினால் பட்டியலில் பெயர் வந்துவிடும். தேர்தல் விஷயத்தில் இவர்கள் சொன்னதுக்கு மேல்முறையீடு கிடையாது.

தேர்தல் சுதந்திரமாக நடக்கக் காவல் படைக்கு என்ன உத்தரவு வேண்டுமோ அதைப் பிறப்பிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு 102ஆம் பிரிவு தருகிறது. ஆளும் அதிபரும் அமைச்சர்களும் கட்சிப் பிரச்சாரம் செய்யவே கூடாது, மேடை ஏறக்கூடாது. ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். மீறினால் பதவி நீக்கமும், இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை அரசுப் பதவி வகிக்கத் தடையும். அதிபர் மீது இதைப் பாய்ச்ச வேண்டுமென்றால் முதலில் பேரவை அவருடைய சட்டப் பாதுகாப்பை நீக்க வேண்டும். அதற்கு மறுபடியும் 38 ஓட்டு.